மியூசிக் லைப்ரரியன்களுக்கு தனியா ஒரு சங்கம் எதுக்கு, வருஷம் பூரா என்ன பண்ணுவாங்க?

மியூசிக் லைப்ரரியன்னா இசைக்குறிப்பு புக், ரெக்கார்டு, பழைய கையெழுத்துப் பிரதி இதெல்லாம் சேத்து வச்சு, கேக்குறவங்களுக்கு சரியா தேடி எடுத்துக் குடுக்குறவங்க. அமெரிக்கால இவங்களுக்கு மியூசிக் லைப்ரரி அசோசியேஷன்னு ஒரு சங்கம் 1931லேருந்தே இருக்கு.

வருஷத்துல பெரிய விஷயம் அவங்களோட மாநாடுதான், நாடு முழுக்க இருக்குறவங்க ஒண்ணா கூடி கேட்டலாக் விதி (எதை எந்தப் பேர்ல பட்டியல்ல போடணும்ங்கிறது), காப்பிரைட், பழைய டேப் கெட்டுப்போறதுக்குள்ள டிஜிட்டலா மாத்துறதுன்னு பேசுவாங்க. அது போக நோட்ஸ்னு ஒரு பத்திரிகை வருஷத்துக்கு 4 தடவை வரும், நல்ல கட்டுரைக்கும் விமர்சனத்துக்கும் விருது குடுப்பாங்க.

சரி, பொதுவான லைப்ரரி சங்கம் பத்தாதான்னா, பத்தாதுங்க. பீத்தோவனோட மூன்லைட் சொனாட்டாவையே எடுத்துக்கோங்க, ஒரு அட்டைல அந்தப் பேரு இருக்கும், இன்னொண்ணுல பியானோ சொனாட்டா நம்பர் 14, வேற ஒண்ணுல ஓபஸ் (அதாவது படைப்பு எண்) 27 நம்பர் 2, ஜெர்மன் பதிப்புல வேற பேரு, ஆனா எல்லாம் ஒரே இசை! உங்க போன்ல ஒரே ஆள் நம்பரை மூணு பேர்ல சேவ் பண்ணி வச்சா அவசரத்துக்கு தேடுறப்ப எப்படி குழம்புவீங்களோ, அதேதான். எந்தப் பேர்ல தேடினாலும் ஒரே இடத்துக்கு வரணும்னா எல்லா லைப்ரரியும் ஒரே விதியை வச்சிருக்கணும், அதைப் பேசி முடிவு பண்ணத்தான் கூடுறாங்க, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச வேலையே இதுதான்.

நிறைய பேர் இதை பாடகர்கள் சங்கம்னு நினைச்சுக்கிறாங்க, அது தப்பு, இது இசையைப் பாதுகாத்து தேடிக் குடுக்குறவங்களோட சங்கம்.