வளைக்குள் கையை விடாதீர்கள்: பெருச்சாளி கேள்வி-பதில்

மழைக்காலம் வந்தால் வளைகளில் தண்ணீர் புகுந்துவிடும், பெருச்சாளிகள் மேலே வந்துவிடும், எனக்கும் கடிதங்கள் வந்துவிடும்.

சுண்டெலிதான் வளர்ந்து பெருச்சாளி ஆகிறதா? (பெரம்பூர்)

இல்லை. இரண்டும் வேறு வேறு இனம். சுண்டெலி சுமார் 20 கிராம், நன்றாகத் தின்று வளர்ந்த பெருச்சாளி ஒரு கிலோ.

காம்பவுண்டு ஓரம் தினமும் புது மண் குவிகிறது. ஆனால் ஓட்டை எதுவும் தெரியவில்லை. (வேளச்சேரி)

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். இது பெரும்பாலும் சின்னப் பெருச்சாளி, உழவர்கள் கரம்பை எலி என்பார்கள். உள்ளே போனதும் மண்ணைத் தள்ளி வாசலை அடைத்துக்கொள்ளும் பழக்கம் இதற்கு உண்டு. மண் ஈரமாக, பொலபொலவென்று இருந்தால் உள்ளே குடியிருக்கிறது என்று அர்த்தம். வளைக்குப் பல கிளைகள் இருக்கும், தானியம் சேர்க்கத் தனி அறையும் இருக்கும். அறுவடைக்குப் பிறகு இருளர்கள் வயலில் தோண்டி எடுப்பது அந்த நெல்லைத்தான். எலி காலி செய்த வளையில் பாம்பு குடியேறும். அதனால் வளைக்குள் கையை விடாதீர்கள்.

வீட்டில் எலித் தொல்லை. உடனே தீர்வு சொல்லவும். (ஊர் இல்லை)

எந்த எலி, மாடியிலா தரையிலா, எதைக் கடிக்கிறது? ஒன்றும் எழுதாமல் தீர்வு மட்டும் கேட்டால் எப்படி? பரணில் ஓடினால் வீட்டெலி, தரையைத் தோண்டினால் பெருச்சாளி. பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

நீள மூக்கு, கீச்சுக் குரல், ஒரு நாற்றம். பெருச்சாளிக் குட்டியா? (மயிலாப்பூர்)

மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை. கரப்பான்பூச்சியைத் தின்று உங்களுக்கு உதவுகிறது, விட்டுவிடுங்கள்.

பெருச்சாளியை மூலையில் மடக்கினால் பன்றி மாதிரி உறுமுகிறதே? (தாம்பரம்)

உறுமும், முதுகு மயிரையும் சிலிர்க்கும். தெலுங்கில் அதன் பெயரே பந்திக்கொக்கு, அதாவது பன்றி எலி. ஆங்கிலத்தின் ‘பாண்டிகூட்’ அதிலிருந்து வந்ததுதான். கடி பலமாக இருக்கும், மடக்காதீர்கள்.

எந்த விஷம் சீக்கிரம் வேலை செய்யும்? (மாம்பலம், அடையாறு, இன்னும் பலர்)

ஒவ்வொரு முறையும் இதே கேள்வி, ஒவ்வொரு முறையும் எனக்கு வருத்தம். கடையில் கிடைக்கும் விஷக் கட்டிகளில் பல, ரத்தத்தை உறையவிடாமல் செய்து கொல்பவை. தின்றதும் சாகாது, மூன்று நான்கு நாளாவது ஆகும். அதற்குள் எலி தள்ளாடிக்கொண்டு பட்டப்பகலில் வெளியே வரும். அதைப் பூனை பிடிக்கும், காகம் கொத்தும், கூகை தூக்கிப் போகும். விஷம் அவற்றுக்கும் போகிறது. ஒரு கூகை ஒரு ராத்திரியில் இரண்டு மூன்று எலி தின்னும். இலவசக் காவலாளியைக் கொன்றுவிட்டு எலி பெருகிவிட்டது என்று எனக்கு எழுதுகிறீர்கள்! வளைக்குள்ளேயே செத்தால் ஒரு வாரம் நாறும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் எலி பேஸ்ட் வாங்கியே வைக்காதீர்கள்.

அப்புறம், குப்பையை மூடாதவரை எந்த விஷமும் பயன்படாது. பெருச்சாளி ஒரு ஈற்றுக்கு ஆறேழு குட்டி போடும், சினைக்காலம் மூன்று வாரம்தான். நீங்கள் நான்கைக் கொல்வதற்குள் எட்டு வந்துவிடும். ராத்திரி நாய்க்கு வைத்த சோறு, புறாவுக்கு இறைத்த அரிசி, மூடியில்லாத குப்பைத்தொட்டி, இந்த மூன்றையும் முதலில் நிறுத்துங்கள். சாக்கடை வாய்க்குக் கம்பி வலை போடுங்கள். கூண்டு வைத்தால் தேங்காய்ச் சில்லோ கருவாடோ போதும்.

தேங்கிய மழைநீரில் செருப்பில்லாமல் நடந்தேன். பயப்பட வேண்டுமா? (வியாசர்பாடி)

காலில் புண் இருந்ததா என்று எழுதவில்லையே! எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரோடு தண்ணீரில் கலந்து புண் வழியாக உள்ளே போகும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் டாக்டரிடம் போங்கள், தண்ணீரில் நடந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வளையைச் சிமெண்ட் போட்டு அடைத்தேன், பக்கத்திலேயே புதிதாகத் தோண்டிவிட்டது. (குரோம்பேட்டை)

வெறும் சிமெண்ட் போதாது. கண்ணாடித் துண்டுகளையும் ஜல்லியையும் கலந்து இறுக்குங்கள், எல்லா வாசல்களையும் ஒரே நாளில். குச்சியால் இடியுங்கள், வளைக்குள் கையை விடாதீர்கள்.