குன்னூர்க் குளிருக்குப் பொறையாரில் வீடு வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 62, மனைவிக்கு 60. அருவங்காட்டில் மத்திய அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மாத ஓய்வூதியம் 38,000 ரூபாய். குன்னூருக்குப் பக்கத்தில் 1998-ல் கட்டிய சொந்த வீடு இருக்கிறது, கடன் இல்லை. பணிக்கொடை, சேமிப்பு எல்லாம் சேர்த்து 58 லட்சம் ரூபாய் ஒரே வங்கியில் வைப்பு நிதியாக இருக்கிறது. மனைவிக்கு மூட்டுவலி, குளிர்காலத்தில் வாசற்படி இறங்கவே சிரமப்படுகிறார். அவர் பிறந்த ஊர் மயிலாடுதுறை மாவட்டத்துப் பொறையார் பக்கம். ஆண்டுதோறும் ஐப்பசி பிறந்ததும் அங்கே வந்துவிட்டு, மாசி முடிந்து மலையேறலாம் என்று நினைக்கிறோம். தரங்கம்பாடி போகும் வழியில் ஒரு வீடு 45 லட்சத்துக்கு வருகிறது. வாடகை என்றால் 9,000 ரூபாய் கேட்கிறார்கள், ஆனால் சில மாதத்துக்கு மட்டும் தர யாரும் தயாரில்லை. 5 லட்சத்துக்குப் போக்கியத்தில் ஒரு வீடும் உண்டு. மனைவியின் தம்பியோ, "வீடு எதற்கு அத்தான்? அப்பா வீட்டுக் கொல்லையில் ரெண்டு ரூம் கட்டிக்குங்க" என்கிறார். எது சரி? குன்னூர் வீட்டை விற்றுவிட்டு ஒரேயடியாக வந்துவிடலாமா என்றும் ஒரு யோசனை.

பதில்: 45 லட்சம் போட்டு வாங்க வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், எந்த மாதங்களில் இங்கே வருவது என்ற உங்கள் கணக்கைச் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் பணக் கணக்கு அதில்தான் தொங்குகிறது.

"ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்பது உங்கள் மனைவிக்குத் தெரியாததல்ல. மலையில் இத்தனை வருடம் இருந்ததில் ஊர் என்றாலே வெயில் என்று மனதில் பதிந்திருக்கலாம். கீழ்த்தஞ்சைக்கு வருடத்தின் பெருமழை கொட்டுவதே அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் பாதி வரைதான். 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. சீர்காழி, தரங்கம்பாடி இரண்டு வட்டங்களிலும் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கும் நிலை வந்தது. 2018-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது நவம்பர் 16-ல். மூட்டுவலிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து, மின்சாரம் இல்லாத வீட்டில், முழங்கால் தண்ணீருக்கு நடுவே உட்கார வைப்பதற்கா இவ்வளவு ஏற்பாடு?

மலைப்பக்கமும் அந்த மாதங்களில் சுகமில்லை. 2009 நவம்பரில் உங்கள் பக்கத்து ஊர் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்து மலையே சரிந்ததை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். பாதை அடைபடுவதும் மலை ரயில் நிற்பதும் அந்தப் பருவத்தில் வழக்கம். எலும்பைக் குடையும் குளிரோ மார்கழி, தையில்தான். அதனால் மார்கழி பிறந்ததும் இறங்குங்கள், பங்குனி பாதியில், இங்கே வெயில் ஏறுவதற்குள், போய்விடுங்கள். 2011-ல் தானே புயல் டிசம்பர் 30-ல் கடலூர்ப் பக்கம் அடித்தது என்பதால் மார்கழிக்கும் முழு உத்தரவாதம் இல்லை. ஆனாலும் ஐப்பசியை விட எவ்வளவோ மேல். ஐப்பசியில் மாயவரத்தில் (மயிலாடுதுறையில்) காவிரியில் நீராடும் கடைமுழுக்குக்கு வர வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டால் கோவையிலிருந்து ஜனசதாப்தியில் வந்து ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம். அதற்கு வீடு தேவையில்லை.

ஆக, நீங்கள் இங்கே இருக்கப்போவது வருடத்துக்கு மூன்றரை மாதம். இனி பணத்தைப் பார்ப்போம்.

வீட்டு விலை 45 லட்சம். பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை, மாற்றுத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம், அதாவது 4,05,000 ரூபாய். கட்டில், ஃபிரிட்ஜ், மோட்டார், இன்வெர்ட்டர் என்று இன்னும் மூன்று லட்சம் வைத்தால் 52 லட்சம் போய்விடும். கையில் மிச்சம் 6 லட்சம். அறுபதைத் தாண்டிய இருவருக்கு, அதிலும் ஒருவருக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்ற நிலையில், 6 லட்சம் ரொக்கம் என்பது எனக்குப் பயத்தைத் தருகிறது.

அதே 45 லட்சத்தை அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால்? ஒருவருக்கு உச்சவரம்பு 30 லட்சம். உங்கள் பெயரில் 30, மனைவி பெயரில் 15 போடலாம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. அந்த விகிதத்தில் வருடத்துக்கு 3,69,000 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் விழும். விகிதத்தை அரசு காலாண்டுக்கு ஒருமுறை மாற்றலாம் என்றாலும், கணக்குத் தொடங்கிய அன்றைய விகிதம் உங்களுக்கு ஐந்து வருடமும் மாறாது. மனைவிக்கு நீங்கள் கொடுத்த பணத்தின் வட்டி உங்கள் வருமானமாகத்தான் கணக்கில் சேரும். சேரட்டும். ஓய்வூதியம் 4,56,000 ரூபாயுடன் கூட்டினாலும் 8,25,000 தான். மீதிப் பணத்தின் வட்டியும் சேர்ந்தால்கூட 12 லட்சத்தைத் தொடாது. புதிய வரி முறையில் வரி வராது.

இந்த 3,69,000 ரூபாயைத்தான் வீடு வாங்கினால் இழக்கிறீர்கள். மூன்றரை மாதத்துக்கு வகுத்துப் பாருங்கள், மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. பொறையாரில் மாத வாடகை ஒரு லட்சம் என்றால் சிரிக்க மாட்டீர்களா? வருடம் முழுவதுக்கும் வாடகை கொடுத்து, எட்டரை மாதம் வீட்டைச் சும்மா பூட்டியே போட்டாலும் செலவு 1,08,000 ரூபாய்தான். சில மாதத்துக்கு மட்டும் தர மாட்டார்கள் என்று கவலைப்பட வேண்டாம், வருடத்துக்கே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வட்டியில் 2,61,000 ரூபாய் மிஞ்சும்.

"மனை விலை ஏறுமே" என்பீர்கள். ஏறலாம். மனைதான் ஏறும், கட்டிடம் ஏறாது. கடற்காற்று படும் இடத்தில் ஜன்னல் கம்பியும் தளத்துக் கம்பியும் துருப்பிடிப்பதைத் தரங்கம்பாடித் தெருக்களில் ஒரு நடை நடந்தாலே பார்க்கலாம். வருடத்தில் எட்டு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் கரையான் வேறு. மனை ஏற்றத்தின் பலன் விற்கும்போதுதான் கிடைக்கும். எழுபத்தைந்து வயதில் இங்கே வந்து தரகரோடு பேரம் பேசும் வேலை யாருக்கு?

போக்கியம் கணக்கில் இன்னும் மலிவு. 5 லட்சத்துக்கு நீங்கள் இழக்கும் வட்டி வருடத்துக்கு 41,000 ரூபாய், மாதம் 3,400 சொச்சம். ஆனால் நான் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். பத்திரத்தாளில் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்று ஊரில் சொல்வார்கள். போதாது. பணம் கொடுத்து வீட்டை அனுபவிக்கும் அடமானம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால் முதல் உரிமை வங்கிக்குத்தான்; உங்கள் 5 லட்சம் வரிசையில் பின்னால் நிற்கும். வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள், அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாமா என்று கேளுங்கள். மூன்றுக்கும் தயங்காமல் சம்மதித்தால் எடுக்கலாம். "அதெல்லாம் எதுக்கு சார்" என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மச்சான் சொல்லும் கொல்லைப்பக்கத்து அறைகள் எனக்குப் பிடித்திருக்கிறது. அவசரத்துக்குக் கூப்பிட்ட குரலுக்கு ஆள், பூட்டிய மாதங்களில் பார்த்துக்கொள்ள ஆள், மனைவிக்குப் பிறந்த வீடு. ஆனால் அடுத்தவர் மனையில் உங்கள் பணத்தில் கட்டக் கூடாது, அது மச்சானாகவே இருந்தாலும். மாமனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தாக இருந்தாலும் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கு உரிமை உண்டு. எனவே மனைவி யாரிடமும் சலுகை கேட்கவில்லை. முதலில் பாகப்பிரிவினை, அந்தக் கொல்லைப் பகுதி அவர் பெயருக்குப் பட்டாவுடன், அப்புறம் அஸ்திவாரம். குடும்பத்துக்குள் நடக்கும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை கிரயத்தைப் போல 7 சதவீதம் அல்ல, 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. இன்றைக்கு மச்சான் நல்லவர்; நாளைக்கு அவர் பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்லக் காகிதம் வேண்டும். இந்தப் பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள், அக்கா தம்பியிடம் பேசட்டும். முடிந்தால் 12 லட்சத்துக்குள் அடக்குங்கள், தரை மட்டத்தை 2022 வெள்ளம் நின்ற உயரத்துக்கு மேலே தூக்குங்கள்.

அதற்கு முன் இன்னொன்றை விசாரிக்க வேண்டும், வாங்கினாலும் கட்டினாலும். நம் பக்கத்தில் வீடு ஒருவருடையதாகவும் அடிமனை கோயிலுக்கோ ஆதீனத்துக்கோ சொந்தமாகவும் இருப்பது சகஜம். தலைமுறை தலைமுறையாகத் தரைவாடகை கட்டுவார்கள், வரி ரசீதும் மின் இணைப்பும் அவர்கள் பெயரில் இருக்கும், பார்த்தால் சொந்த வீடு போலத்தான் தெரியும். அப்படிப்பட்ட இடத்தைக் கோயில் தரப்பின் தடையில்லாச் சான்று இல்லாமல் பதிய மாட்டார்கள். 45 லட்சத்து வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடவில்லை என்று நம்புகிறேன். கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் குறுக்கே வரும். போர் தண்ணீரை ஒரு டம்ளர் குடித்தும் பாருங்கள். கடலை ஒட்டிய பல இடங்களில் உப்பு.

குன்னூர் வீட்டைப் பூட்டிவிட்டு வருவதற்குப் பெரிய செலவில்லை. வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் பூட்டிய வீட்டுக்குப் பில் அநேகமாக வராது. வீட்டுக் காப்பீடு இல்லையென்றால் எடுங்கள். 2021 ஏப்ரல் முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான பாலிசி எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் கிடைக்கிறது. புயல், வெள்ளம், நிலச்சரிவு மூன்றும் அதில் அடக்கம். வீடு மாதக்கணக்கில் பூட்டியிருக்கும் என்பதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், திருட்டுக்கு எடுக்கும் கூடுதல் காப்பில் இது பின்னால் பிரச்சினையாகலாம். நீங்கள் இல்லாத நேரத்தில் ஹோம்ஸ்டே விடலாமே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். வீட்டுக்காரர் உடன் இருப்பதுதான் ஹோம்ஸ்டே. மலையில் ஆள் தேடி வரும் சீசனோ சித்திரை, வைகாசி. அப்போது அந்த வீடு உங்களுக்கே வேண்டும்.

மருத்துவத்துக்கு இரண்டு பக்கமும் இப்போது பரவாயில்லை. 2022 ஜனவரியில் திறந்த 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நீலகிரியும் உண்டு, நாகப்பட்டினமும் உண்டு. தனியார் காப்பீடு வைத்திருந்தால் பணமில்லாச் சிகிச்சைப் பட்டியலில் மயிலாடுதுறை, கும்பகோணம் மருத்துவமனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் புதுப்பிக்கும்போது மாற்றலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. நவம்பர் மாத உயிர்வாழ் சான்றுக்கு வங்கிக்கு அலைய வேண்டாம், ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டினால் போதும், எந்த ஊரில் இருந்தாலும்.

58 லட்சமும் ஒரே வங்கியில் இருப்பது சரியில்லை. வைப்புக் காப்பீடு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 5 லட்சம் வரைதான். 45 லட்சம் அஞ்சலகத்துக்குப் போனபின் மீதி 13 லட்சத்தை மூன்று வங்கிகளில் பிரித்து வையுங்கள், கொல்லையில் கட்டுவதானால் அதிலிருந்தே எடுக்காமல் அஞ்சலகத்தில் 12 லட்சம் குறைத்துப் போடுங்கள். முதல் வருடம் மட்டும் வாடகை வீடு. பாகப்பிரிவினைப் பேச்சு அந்த மூன்றரை மாதத்தில் நடக்கட்டும்.

குன்னூர் வீட்டை விற்பதை இப்போது எடுக்க வேண்டாம். வைகாசியில் இங்கே புழுங்கும்போது வருத்தப்படுவீர்கள். பிறகு விற்பதானாலும் வரியில் நஷ்டமில்லை. 2024 ஜூலை 23-க்கு முன்பே உங்கள் வசம் இருந்த சொத்து என்பதால் லாபத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் (அடக்க விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் காட்டுவது) இல்லாமல் 12.5 சதவீதம், சரிக்கட்டலுடன் 20 சதவீதம் இரண்டையும் கணக்கிட்டு எது குறைவோ அதைக் கட்டலாம். 1998 செலவுக்குப் பதில் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பையும் அடக்க விலையாக வைக்கலாம். லாபத்தில் இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ அந்த அளவுக்கு வரி இல்லை. கட்டியபோது வாங்கிய ரசீதுகளையும் வரைபட அனுமதியையும் தேடி எடுத்து ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். 2001-ன் வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறையில் விசாரித்து ஒரு பிரதி அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.