குஞ்சு இறாலுக்கு என்ன தீன்? சில கேள்விகள், சில பதில்கள்

மாரி முடிந்து குளத்தில் குஞ்சு விடும் பேச்சு தொடங்கியதும் இந்தக் கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் புரத வீதத்தைப் பற்றியவை. பையில் அச்சடித்திருக்கும் அந்த ஒரு இலக்கத்தையே எல்லோரும் பார்க்கிறீர்கள். ஆனால் குஞ்சு வளராமல் நிற்பதற்குக் காரணம் பல நேரம் வேறெங்கேயோ இருக்கிறது.

“45 வீதப் புரதத் தீன் கட்டுப்படியாகுதில்லை அண்ணை. 35 வீதத் தீன் போட்டால் குஞ்சு வளராதா?” (தொண்டைமானாறு)

எந்த இன இறால், டைகரா வனாமியா என்று சொல்லவில்லையே தம்பி. டைகர் என்றால் குஞ்சுப் பருவத்தில் 40 முதல் 45 வீதம் தேவைதான். வனாமி 30 முதல் 36 வீதத்தில் சமாளித்துவிடும், முதல் சில வாரம் மட்டும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.

அந்தப் புரதம் எதிலிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். இறாலின் உடம்பு சொந்தமாக உண்டாக்க முடியாத அமினோ அமிலங்கள் பத்து. அவற்றில் மெதியோனின், லைசின், ஆர்ஜினின் மூன்றும்தான் தீனில் முதலில் குறைகிறவை. ஒன்று குறைந்தாலும் மீதிப் புரதம் சதையாகாமல் எரிந்து அமோனியாவாகத் தண்ணீருக்குள் வரும், அதாவது காசு கொடுத்து வாங்கிய புரதமே குளத்தைப் பழுதாக்கும். சோயாவை மட்டும் கொட்டி 45 ஆக்கிய தீனை விட, நல்ல மீன் தூள் சேர்ந்த 38 வீதத் தீன் எனக்கு மேலாகப் படுகிறது. மண் குளத்தில் பாசியும் புழுபூச்சியும் இருந்தால் இன்னும் விட்டுக்கொடுக்கலாம். வனாமியை வைத்துச் செய்த ஆய்வொன்றில் வளர்ச்சியின் பாதிக்கு மேல் குளத்து இயற்கை உணவிலிருந்துதான் வந்திருந்தது. சீமெந்துத் தொட்டியில் அந்தச் சலுகை இல்லை.

“எள்ளுப் பிண்ணாக்கு, தேங்காய்ப் பிண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள், எல்லாம் ஊரிலேயே கிடைக்கிறது. வீட்டில் தீன் செய்தால் என்ன குறையும்?” (சாவகச்சேரி)

நிறையப் பேர் கேட்க நினைத்துக் கேட்காத கேள்வி. புரதக் கணக்கில் உங்கள் யோசனை பிழையில்லை. எள்ளில் மெதியோனின் அதிகம், லைசின் குறைவு. சோயா அதற்கு நேர் எதிர், ஆகவே இரண்டையும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும்.

குறைவது கொலஸ்ட்ரோல். ஆம், நாங்கள் டொக்டரிடம் பயந்து சோதிக்கிற அதே சாமான்தான். இறாலால் அதைச் சொந்தமாக உண்டாக்க முடியாது, ஆனால் கோது கழற்ற வைக்கும் ஹோர்மோனே அதிலிருந்துதான் வரவேண்டும். தீனில் பொதுவாக 0.5 வீதத்துக்குக் குறையாமல் வைப்பார்கள். லெசித்தின் (சோயாவிலிருந்து எடுக்கும் கொழுப்புப் பொருள்) 1 முதல் 2 வீதம் சேர்த்தால் கொலஸ்ட்ரோல் இன்னும் குறைவாகவே போதும். பிண்ணாக்கிலோ தவிட்டிலோ அது அறவே இல்லை என்று சொல்லிவிடலாம். தாவரங்களில் இருக்கிற, கொலஸ்ட்ரோலைப் போன்ற ஸ்டெரோல் அந்த இடத்தைச் சரியாக நிரப்பாது. இங்கே கை கொடுப்பவை கணவாய்க் கழிவும் இறால் தலையும். இரண்டையும் அவித்து, காயவைத்து, தூளாக்கிச் சேருங்கள்.

அடுத்தது கொழுப்பு. மொத்தம் 6 முதல் 8 வீதம் போதும், 10ஐத் தாண்டினால் வளர்ச்சி குறையும். ஆனால் அதற்குள் டி.எச்.ஏ., ஈ.பி.ஏ. என்ற இரண்டு கடல் கொழுப்பமிலங்களும் சேர்ந்து 0.5 வீதமளவு இருக்கவேண்டும். தேங்காய் எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அவை இல்லை, மீன் எண்ணெய்தான் வழி.

எள்ளிலும் தவிட்டிலும் உள்ள பைட்டேற்று என்ற பொருள், நாகச் சத்தைப் (சிங்க்) பிடித்து வைத்துக்கொள்ளும். சாதாரணமாக ஒரு கிலோ தீனுக்கு 33 மில்லிகிராம் நாகம் போதும் என்கிற வனாமிக்கு, பைட்டேற்று கூடிய தீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்பட்டிருக்கிறது. தாதுக் கலவை வாங்கும்போது நாகத்தையும் செம்பையும் பார்த்து வாங்குங்கள். எங்கள் இரத்தத்தில் இரும்பு செய்யும் வேலையை இறாலின் இரத்தத்தில் செம்பு செய்கிறது.

கடைசியாக ஒரு சோதனை. நீங்கள் செய்த தீன் குறுணியில் ஒரு சிட்டிகையை ஒரு கண்ணாடிக் கோப்பையில் உப்புத் தண்ணீர் விட்டுப் போட்டுப் பாருங்கள். இறால் மீனைப் போலக் கவ்வி விழுங்காது, முன்கால்களால் பிடித்து மெல்ல மெல்லக் கொறிக்கும். இரண்டு மணித்தியாலத்துக்குள் குறுணி கரைந்து அடியில் கலங்கலாகப் படிந்தால், மேலே சொன்ன அத்தனை சத்தும் குளத்து மண்ணுக்குத்தான் போகும். கோதுமை மாவைக் கொஞ்சம் கூட்டி, ஆவியில் அவித்துப் பிழிந்து காயவையுங்கள்.

“கூனியும் மட்டியும் மலிவாகக் கிடைக்குது. பச்சையாகப் போடலாமோ?” (குருநகர்)

வேண்டாம். வெண்புள்ளி வைரஸைக் கூனியும் நண்டும் காவிக்கொண்டு வரும். 1996இல் புத்தளம், சிலாபம் பக்கத்துப் பண்ணைகளை அழித்தது அந்த நோய்தான். ஐஸில் வைத்தால் வைரஸ் சாகாது. மட்டி போன்ற சிலவற்றில் விற்றமின் பி1ஐச் சிதைக்கிற நொதியமும் இருக்கிறது. அவித்தால் இரண்டு பிரச்சினையும் தீரும்.

“குஞ்சுகளின் உடம்பில் கறுப்பு. விற்றமின் சி குறைவு என்கிறார்கள். பாமசியில் வாங்கிய குளிசையை அரைத்துத் தீனில் கலக்கலாமா?” (ஊர்காவற்றுறை)

முதலில் அது விற்றமின் குறைவுதானா என்று பாருங்கள். ஒரு குஞ்சை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, வயிற்று வளையங்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தைக் கவனியுங்கள். கோது வழுவழுப்பாக இருந்து அதற்கு அடியில் கறுத்திருந்தால் விற்றமின் சி குறைவாக இருக்கலாம். கோதே அரித்துக் குழி விழுந்து, நகம் பட்டால் சொரசொரப்பாக இருந்தால் அது பக்டீரியா, அதற்குத் தண்ணீரையும் குளத்து அடியையும்தான் கவனிக்க வேண்டும்.

குளிசை பெரிதாக உதவாது. சாதாரண விற்றமின் சி தீன் செய்யும் சூட்டிலும் சேமிப்பிலும் சிதையும், மிச்சம் தண்ணீரில் கரைந்துபோகும். டைகருக்கு அதைக் கிலோ தீனுக்கு 2000 மில்லிகிராம் போட வேண்டியிருந்த இடத்தில், பொஸ்பேற்றோடு சேர்ந்த நிலையான வகையில் ஏறக்குறைய 200 போதுமாக இருந்தது. இறால் எவ்வளவு சின்னதோ அவ்வளவு அதிகம் கேட்கும்: 0.1 கிராம் வனாமிக் குஞ்சுக்குத் தேவைப்பட்டதில் பாதியும் இல்லை 0.5 கிராம் குஞ்சுக்கு. ஆகவே குஞ்சுத் தீனில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

“உவர்க் கிணற்றுத் தண்ணீரில் வனாமி விட்டேன். உப்பு 5 பி.பி.ரி. (ஆயிரத்தில் 5 பங்கு) இருக்கிறது, தீனும் நல்ல தீன், ஆனால் துடித்துத் துடித்துச் சாகுது.” (கோப்பாய்)

யாழ்ப்பாணத்துக்கென்றே உள்ள சிக்கல் இது. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வரும் தண்ணீர், கல்சியம் வேண்டிய அளவு இருக்கும். குறைவது பொட்டாசியமும் மக்னீசியமும். உப்பு மீற்றர் மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது. 5 பி.பி.ரி.க்கு நீர்த்த கடல் நீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பொட்டாசியமும் 190 மில்லிகிராமளவு மக்னீசியமும் இருக்கும். உங்கள் தண்ணீரை ஆய்வுகூடத்தில் கொடுத்து அந்த இரண்டையும் அளந்து பாருங்கள்.

பொட்டாசியத்துக்குத் தோட்டத்துக்குப் போடும் எம்.ஓ.பி. (பொட்டாசியம் குளோரைட்டு) உரமே போதும், அதில் பாதி பொட்டாசியம். 1000 லீற்றர் தண்ணீரில் பொட்டாசியத்தை லீற்றருக்கு 30 மில்லிகிராம் உயர்த்த 60 கிராம் உரம், கரைத்து மெதுவாக விடவேண்டும். மக்னீசியத்துக்கு எப்சம் உப்பு. உப்பளத்தில் உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீர் கிடைத்தால் அது இன்னும் மலிவு. தீனில் சேர்ப்பதும் ஓரளவு உதவும், ஆனால் முதலில் தண்ணீரைச் சரிசெய்யுங்கள்.

“கோது மெல்லிசு. சிப்பித் தூள் சேர்க்கவா?” (கிளாலி)

கடனீரேரித் தண்ணீரிலேயே கல்சியம் இருக்கிறது, இறால் அதை உறிஞ்சிக்கொள்ளும். தீனிலிருந்து கட்டாயம் வரவேண்டியது பொஸ்பரஸ். சிப்பித் தூளைக் கூட்டினால் இருக்கிற பொஸ்பரஸையும் உடம்பில் சேரவிடாது. மோனோ கல்சியம் பொஸ்பேற்று சேருங்கள். தீன் அளவு போதுமா என்றும் பாருங்கள், அரைப் பட்டினி இறாலின் கோதும் மெல்லிதாகத்தான் இருக்கும்.

“ஒரு நாளைக்கு எவ்வளவு?” (பூநகரி)

1 கிராம் குஞ்சுக்கு உடல் எடையில் 10 வீதமளவு, அதற்கும் சின்னதென்றால் 15 வரை, 5 கிராமில் 5 அல்லது 6, 20 கிராமில் 3. பத்தாயிரம் 1 கிராம் குஞ்சு என்றால் நாளுக்கு ஒரு கிலோ, நாலு நேரமாகப் பிரித்து. டைகர் என்றால் பெரிய பங்கை மாலையிலும் இரவிலும் போடுங்கள். தீன் தட்டை இரண்டு மணித்தியாலத்தில் தூக்கிப் பாருங்கள்: மிச்சம் இருந்தால் அடுத்த நேரம் குறையுங்கள், துடைத்து வைத்ததுபோல் இருந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். கோது கழற்றும் நாட்களில் தின்னாது, அன்று கணக்குப் பார்த்துக் கொட்டாதீர்கள்.

“மிஞ்சின பையில் பூஞ்சணம். வெயிலில் காயவைத்துப் போடலாமா, இல்லையென்றால் கோழிக்காவது?” (அதே பூநகரிக்காரர்)

வெயிலில் பூஞ்சணம் காயும், அது விட்டுப்போன நஞ்சு அப்படியே இருக்கும். கோழிக்கும் ஆகாது, புதைத்துவிடுங்கள். அடுத்த பையை நிழலில், பலகைக்கு மேல், சுவரில் முட்டாமல் அடுக்குங்கள். இரண்டு மூன்று மாதத்துக்குள் முடிகிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.