மூன்று சிறிய ஹேட்ச்பேக் கார்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் எதைப் பார்த்து முடிவெடுப்பது?

விலையிலும் அளவிலும் ஏறக்குறைய ஒன்றாக நிற்கும் மூன்று சிறிய ஹேட்ச்பேக்குகளைப் பார்த்துவிட்டீர்கள், மூன்றுமே நன்றாகத்தான் இருக்கின்றன, எதை எடுப்பது என்று கேட்கிறீர்கள். மைலேஜ், குதிரைத்திறன், டிக்கி அளவு, திரையின் அகலம் என்று ஓர் அட்டவணையும் போட்டிருக்கிறீர்கள். போன வருடம் நானும் போட்டேன். என்னுடையதில் 43 வரிகள். அவற்றில் நாலைந்து வரிகள்தான் உதவின. என் முடிவைப் புரட்டிப்போட்ட விஷயங்கள் எதுவும் அதில் இல்லை.

என் மூன்று கார்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரே பெயரில் விற்கும் கார் நாட்டுக்கு நாடு வேறு இன்ஜினோடும் வேறு எண்ணிக்கை ஏர்பேக்கோடும் வருகிறது. பெயரைச் சொன்னால் மற்றதை விட்டுவிட்டு அதையே பிடித்துக்கொள்வீர்கள்.

அட்டவணை ஏன் கைகொடுப்பதில்லை என்றால், இந்தக் கார்கள் எல்லாம் உள்ளுக்குள் பங்காளிகள். 1959-இல் வந்த மினி, இன்ஜினைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்து, முன்சக்கரங்களை ஓட்டவைத்து, சுமார் மூன்று மீட்டர் நீளத்துக்குள் நான்கு பேரை உட்காரவைத்தது. இன்றைய சிறிய ஹேட்ச்பேக்குகளில் ஏறக்குறைய எல்லாமே அதே ஏற்பாடுதான். பின்பக்க சஸ்பென்ஷனும் பெரும்பாலும் ஒரே வகை. ஒரே டியூஷனில் படித்த பிள்ளைகளை மதிப்பெண் பட்டியலை வைத்துப் பிரித்துப் பார்க்க முடியாது; வீட்டில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அது அப்பாவின் முழங்காலில் தொடங்கியது. அவருக்கு வயது 72, ஒரு மூட்டு மாற்றியாகிவிட்டது. காரில் ஏறும்போது முதலில் முதுகைக் காட்டி உட்காருவார், பிறகு வலது காலைக் கையால் பிடித்துத் தூக்கி உள்ளே வைப்பார். முதல் காரில் பின்கதவு போதிய அளவு திறந்தது. ஆனால் சக்கரத்தின் மேல்வளைவு வாசலுக்குள் துருத்திக்கொண்டிருந்ததால் செருப்பு இடறியது. இரண்டாவது காரின் கூரை பின்பக்கம் அழகாகச் சரிந்து இறங்கும். படத்தில் பார்த்து நான் மயங்கியதே அந்தச் சரிவில்தான். அது அவர் தலையில் இடித்தது. “வண்டி நன்றாகத்தான் இருக்கிறது” என்றார், நெற்றியைத் தடவிக்கொண்டே. மூன்றாவது, மூன்றிலும் அழகு குறைந்தது. கொஞ்சம் உயரமாக, பிஸ்கட் டப்பா மாதிரி இருக்கும். நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை, சீட் பெல்ட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம், இத்தனை மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது கூடுதலாக இருந்தால் கால் நீட்ட இடம் இருக்கும் என்று நாம் நினைப்போம். பாதி உண்மை. சீட் தரையிலிருந்து எவ்வளவு உயரம், முன்சீட்டுக்கு அடியில் பாதம் நுழையுமா, தொடைக்குத் தாங்கல் இருக்கிறதா என்பதெல்லாம் அந்த எண்ணில் வராது. பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்பதுகூட இடத்தை மாற்றும். 2001-இல் முதலில் வந்த ஹோண்டா ஜாஸ், வழக்கமாகப் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் டேங்கை முன்சீட்டுகளுக்கு அடியில் நகர்த்தியது. அதனால்தான் அதன் பின்சீட்டின் அடிப்பாகத்தை மேல்நோக்கி மடக்கி, உயரமான பூச்செடியைக்கூட நிமிர்த்தி வைக்க முடிந்தது. இப்படிப்பட்ட வித்தியாசம் உங்கள் மூன்றில் எதிலாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

டிக்கி விஷயமும் அப்படியே. லிட்டர் கணக்கு பெரும்பாலும் 20 செ.மீ. நீளம், 10 அகலம், 5 உயரம் உள்ள ஒரு லிட்டர் கட்டைகளை உள்ளே அடுக்கி அளப்பது. நாம் கட்டைகளோடு பயணம் போவதில்லை. அப்பாவின் மடக்கு வாக்கரை எடுத்துப் போனேன். லிட்டர் அதிகம் என்று பெருமைப்பட்ட காரில் அது கிடைமட்டமாக நுழையவில்லை. டிக்கியின் வாசல் குறுகல், அதன் கீழ்விளிம்பு உயரம்.

மைலேஜுக்கு வருகிறேன், நீங்கள் அதற்குத்தான் அதிக மதிப்பெண் போட்டிருக்கிறீர்கள். இரண்டு கார்களின் எண்களும் ஒரே சோதனையில் எடுத்தவையா என்று முதலில் பாருங்கள். ஐரோப்பாவில் முன்பு இருந்த என்இடிசி சோதனை 20 நிமிடத்தில் 11 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 34 கி.மீ. 2017-இல் அதற்குப் பதிலாக வந்த டபிள்யூஎல்டிபி 30 நிமிடத்தில் 23 கிலோமீட்டர், சராசரி 46.5. சோதனை கடுமையானதும் காகிதத்தில் மைலேஜ் இறங்கியது. கார் அதே கார்தான்.

அடுத்து, லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுதல் என்பது எப்போதும் ஒரே மதிப்பல்ல. வருடம் 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். லிட்டருக்கு 20 கொடுக்கும் கார் 500 லிட்டர் குடிக்கும், 22 கொடுப்பது சுமார் 455. வித்தியாசம் 45 லிட்டர், ஒரு டேங்கும் கொஞ்சமும். நெரிசலில் 10 கொடுக்கும் காருக்கும் 12 கொடுக்கும் காருக்கும் இடையே அதே இரண்டு கிலோமீட்டர் 167 லிட்டர் ஆகிவிடுகிறது. ஆகவே நெடுஞ்சாலை எண்ணை விடுங்கள். நெரிசலில் எவ்வளவு கொடுக்கிறது என்று அந்தக் காரை இரண்டு வருடமாக வைத்திருப்பவரிடம் கேளுங்கள். டேங்கை முழுக்க நிரப்பி, ஓட்டி, மறுபடி முழுக்க நிரப்பிக் கணக்குப் பார்த்தவராக இருக்க வேண்டும். டேஷ்போர்டு காட்டுவதை நம்பிச் சொல்பவர் நல்லவர்தான், ஆனால் அவர் சொல்வது கணக்கில் சேராது.

டெஸ்ட் டிரைவ்தான் விஷயமே. அதில் எனக்கு நேர்ந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஷோரூம்காரர் அழைத்துப் போகும் பாதை வழவழப்பானது. நான்கு வலது திருப்பம், ஒரு பாலம், திரும்ப வந்துவிடுவோம். நீங்கள் ஒருவர், அவர் ஒருவர். இந்த வகைக் கார் ஏறக்குறைய 950 கிலோ. 65 கிலோ வீதம் நான்கு பேர் ஏறினால் 260 கிலோ, வண்டி எடையில் கால் பங்குக்கு மேல். பெரிய காருக்கு அது பொருட்டில்லை, சிறிய காருக்கு அது வேறொரு கார் ஆவதற்குச் சமம். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத 1.2 லிட்டர் இன்ஜினின் முழு இழுவிசை பெரும்பாலும் 4000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 4000 சுழற்சி) மேல்தான் கிடைக்கும். ஒரு லிட்டர் டர்போவில் அது 1500-க்குப் பக்கத்திலேயே வந்துவிடும். தனியாக ஓட்டும்போது இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. அக்கா, அத்தான், அப்பா மூவரையும் ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டு, பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தபோது தெரிந்தது. டர்போ சத்தமில்லாமல் ஏறியது. மற்ற இரண்டும் முனகின. அத்தான் பின்னால் இருந்து “நாங்கள் இறங்கித் தள்ளட்டுமா?” என்றார்.

மூன்று சிலிண்டர் இன்ஜினின் அதிர்வைப் பற்றி எங்கும் பயமுறுத்துவார்கள். பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலைக் கதவுப் பையில் வைத்துவிட்டு, ஏசி ஓட, வண்டியை நியூட்ரலில் நிறுத்திப் பார்த்தேன். மூன்று சிலிண்டரில் தண்ணீரின் மேல் மெல்லிய வளையங்கள் தெரிந்தன. நான்கில் அசைவே இல்லை. கையை ஸ்டியரிங்கில் வைத்தால் இலேசாக உணரலாம். நகர ஆரம்பித்ததும் மறந்துவிடுகிறது. என் பார்வையில் இது சண்டை போடத் தகுந்த விஷயமில்லை.

சண்டை போடத் தகுந்தது டயர். முதல் கார் குழியில் இறங்கினால் முதுகெலும்பில் தட்டியது, அதனால் அட்டவணையில் அதற்குச் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டேன். இரண்டாம் முறை போனபோது காற்று அளக்கும் கருவியைக் கையோடு எடுத்துப் போனேன். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருந்த சீட்டு, காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ இருக்க வேண்டும் என்றது. டயரில் இருந்தது 42. காற்றை இறக்கிவிட்டு ஓட்டினால் அதே கார் வேறு ஆளாகிவிட்டது. நான் குனிந்து காற்றை இறக்கியபோது விற்பனையாளர் முகத்தில் இருந்த சிரிப்பு, “வாங்குகிற ஆள் இல்லை” என்ற சிரிப்பு.

அதைவிட முக்கியம், டெஸ்ட் டிரைவுக்கு நிற்கும் கார் பெரும்பாலும் உயர்ந்த வேரியன்ட், அதாவது அதே மாடலில் வசதிகளும் விலையும் கூடிய வகை. நாம் வாங்கப்போவது நடு வேரியன்ட். சக்கரமே மாறிவிடும். 185/65 ஆர்15 டயர் என்றால் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், அதாவது 120 மில்லிமீட்டர். 195/55 ஆர்16 என்றால் 107. பார்க்க மிடுக்கு, குழிக்கும் இடுப்புக்கும் நடுவே 13 மில்லிமீட்டர் ரப்பர் குறைவு. ஆக, நீங்கள் ஒப்பிட வேண்டியது மூன்று கார்களை அல்ல, மூன்று வேரியன்ட்களை. வாங்கப்போகும் அதே வேரியன்ட்டை ஓட்டத் தரவில்லை என்றால் வேறு கிளையில் கேளுங்கள். பிடிவாதம் பிடிக்கலாம், தப்பில்லை.

ஆட்டோமேட்டிக் என்றால், எந்த ஆட்டோமேட்டிக் என்று கேளுங்கள். ஏஎம்டி என்பது சாதாரண கியர்பெட்டியில் கிளட்சையும் கியரையும் நமக்குப் பதில் ஒரு மோட்டார் மாற்றுவது. விலை குறைவு, மைலேஜ் நன்று, ஆனால் கியர் மாறும் ஒவ்வொரு முறையும் பயணிகள் ஒன்றாகத் தலையாட்டுவார்கள். படிப்படியான கியர்களே இல்லாத சிவிடியில் குலுங்கலே இல்லை. அழுத்தி மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்தும், வேகம் நிதானமாக வரும். இரட்டைக் கிளட்ச் வகை ஓட்டுவதற்கு இன்பம், ஆனால் உலர் கிளட்ச் (எண்ணெயில் நனையாதது) என்றால் மணிக்கணக்கில் ஊர்ந்து போகும் நெரிசலில் சூடாகும். உங்கள் ஓட்டம் ஊர்தல் என்றால் ஊர்ந்து பாருங்கள். பிரேக்கிலிருந்து மெல்லக் காலை எடுத்து, ஒரு முழத் தூரம் நகர்த்தி நிறுத்துங்கள். அந்த ஒரு முழத்தில் கியர்பெட்டியின் குணம் முழுக்கத் தெரிந்துவிடும். ஏற்றத்தில் பின்நோக்கி எடுத்தும் பாருங்கள்.

பாதுகாப்பில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள், அதன் வருடத்தையும் வேரியன்ட்டையும் படியுங்கள். ஐரோப்பாவில் கார்களை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்சிஏபி சோதனையில் 2005-இல் ஐந்து நட்சத்திரம் வாங்கிய ஃபியட் புன்டோ, 2017-இல் மீண்டும் சோதித்தபோது ஒன்றுகூட வாங்கவில்லை. கார் மோசமாகிவிடவில்லை, அளவுகோல் உயர்ந்துவிட்டது. அதே 2017-இல் சுசுகி ஸ்விஃப்டுக்கு இரண்டு மதிப்பீடு: சாதாரணமாக மூன்று, கூடுதல் பாதுகாப்புத் தொகுப்போடு நான்கு. ஷோரூம் சுவரில் நான்கு என்று இருந்தால், அது நீங்கள் வாங்கும் வேரியன்ட்டுக்கா என்பதுதான் கேள்வி. இந்த ஒரு வரியில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். சன்ரூஃப், வண்ண விளக்கு, பெரிய திரை மூன்றையும் கொடுத்துவிட்டு, வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஈஎஸ்சியும் பக்கவாட்டு ஏர்பேக்கும் வாங்குவேன்.

டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிலவற்றில் ஒரு பஞ்சர் திரவமும் சிறிய பம்பும் மட்டும் இருக்கும்; பக்கச்சுவர் கிழிந்தால் அது ஒன்றுக்கும் உதவாது.

நான் கடைசியில் எடுத்தது அந்த பிஸ்கட் டப்பாவை. மூன்று சிலிண்டர், டர்போ இல்லை, நடு வேரியன்ட். டர்போ காரை விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. இன்றும் அது முன்னால் போனால் சிக்னல் வரை கண் அதன் மேலேயே இருக்கும். ஆனால் அப்பா இப்போது கூப்பிடாமலேயே வந்து ஏறுகிறார்.

இத்தனை பார்த்தும் ஒன்றைக் கோட்டைவிட்டேன். எல்லா டெஸ்ட் டிரைவும் பகலில். மழை பெய்த முதல் இரவில், தெருவிளக்கு இல்லாத சாலையில், என் ஹெட்லைட்டின் மஞ்சள் வெளிச்சத்தை ஈரத் தார் அப்படியே குடித்துவிட்டது. ஓரத்தில் கொட்டியிருந்த மண்மேடு பத்தடி தூரத்தில்தான் தெரிந்தது. உயர்ந்த வேரியன்ட்டில் எல்இடி இருக்கிறது, நான் ஓட்டிப் பார்த்ததும் அதைத்தான். ஆமாம், மேலே உங்களுக்குச் சொன்ன தவற்றை நானே செய்திருந்தேன். மாலை ஏழு மணிக்கு மேல் ஒருமுறை ஓட்டலாமா, அதுவும் நடு வேரியன்ட்டை என்று கேட்க நினைத்ததுண்டு. “ஆறு மணிக்கு மூடிவிடுவோம், சார்” என்றார்கள், நானும் சரி என்று வந்துவிட்டேன். நீங்கள் இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால், திரும்பப் போய்க் கேளுங்கள்.