கத்திரிப்பூ நிறம் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் தையல் கட்டுரைகளைப் படித்துவிட்டு நானும் சின்னதாக ஒரு குயில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கிற விரிப்பு) தைத்தேன். ஓர் அடிக்கு ஓர் அடி, சுவரில் மாட்டுகிற அளவு. ஒரே நிறத்தில் செய்யலாம் என்று கத்திரிப்பூ கலரை எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்குப் பிடித்த நிறம். அரை மீட்டர் பாப்ளின் வாங்கி, கட்டம் கட்டமாக வெட்டி இணைத்து, பஞ்சும் லைனிங்கும் வைத்து மேலே கையால் நூல் ஓட்டினேன். மாட்டிப் பார்த்தால் யூனிபார்ம் துணியை வெட்டி ஒட்டியது போல இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். தப்பு துணியிலா, தையலிலா?

ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள தங்கைக்கு,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தையலில் குறையே இல்லை. நான்கு கட்டங்கள் கூடுகிற மூலைகள் பிசகாமல் வந்திருக்கின்றன, அது லேசில் வராது. துணியும் நல்ல துணிதான். எல்லாக் கட்டத்துக்கும் அந்த ஒரே துணியை வைத்ததுதான் விஷயம்.

கத்திரிப்பூ என்ற பெயரைச் சொல்லித்தான் கடையில் துணி கேட்டிருப்பீர்கள். பூவை ஒரு தடவை போய்ப் பாருங்கள். நம் வேலூர்ப் பக்கம் கத்திரிச் செடிக்குப் பஞ்சமில்லை, இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. பூ தலை கவிழ்ந்திருக்கும், விரலால் நிமிர்த்த வேண்டும். இதழின் நடுவே ஓடுகிற நரம்பு அழுத்தமான ஊதா. அதை விட்டு விலக விலக நிறம் வெளுத்துக்கொண்டே போகும். இதழின் முதுகில் மெல்லிய ரோமம் படர்ந்து சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கூம்பு. ஒரு பூவுக்குள்ளேயே இத்தனை ஊதா. அந்த மஞ்சள் பக்கத்தில் இருப்பதால்தான் ஊதா இன்னும் ஊதாவாகத் தெரிகிறது.

நான் முதலில் கத்திரிப்பூவைத் தைத்தபோது மஞ்சளை உள்ளங்கை அகலத்துக்கு வைத்துவிட்டேன். பார்த்தவர்கள் எல்லோருக்கும் மஞ்சள்தான் கண்ணில் பட்டது. அதைப் பிரித்துவிட்டு, மஞ்சள் நூலில் நாலைந்து தையல் மட்டும் போட்டேன். போதுமாக இருந்தது.

தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல், குறுக்கே போகிற ஊடை நூல் பற்றி நெசவு ஊரான குடியாத்தத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீலப் பாவில் சிவப்பு ஊடை போட்டு நெய்த பட்டு தூரத்துக்கு ஊதாவாகத் தெரியும். ஆரணிப் பட்டில் அப்படி ஒரு ரவிக்கைத் துணி மிச்சம் இருந்தால் இரண்டு கட்டம் வெட்டி, ஒன்றை நேராகவும் மற்றதைக் கால் வட்டம் திருப்பியும் பக்கத்தில் வையுங்கள். ஒன்றில் நீலம் தூக்கும், மற்றதில் சிவப்பு தூக்கும். ஒரே துணி என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அம்மாவுக்குப் பிடித்த நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நிறத்தில் அம்மாவின் பழைய ரவிக்கை ஏதாவது வீட்டில் இருக்கிறதா? இருந்து, வெட்ட மனம் வந்தால், பக்கத் தையலைப் பிரித்துப் பாருங்கள். பின்னால் பிரித்துவிடுவதற்காக உள்ளே மடித்துவிட்ட துணி வாங்கிய நாளின் நிறத்திலேயே இருக்கும். வெளிப்பக்கம் வெயிலும் சோப்பும் பட்டு வெளுத்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஊசி போன வரிசை புள்ளி புள்ளியாகத் தெரியும். இதற்கு ஈடான துணி எந்தக் கடையிலும் கிடைக்காது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள் வயல் வேலைக்குப் போட்டுக் கிழிந்த காற்சட்டைகளிலேயே குயில்ட் தைத்திருக்கிறார்கள். முழங்கால் வெளுத்திருக்கும், பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் கருநீலமாக நிற்கும். குளிருக்குப் போர்த்தத்தான் தைத்தார்கள். 2002இல் அவர்கள் குயில்ட்டுகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தின் சுவரில் மாட்டப்பட்டன. அந்தக் காற்சட்டை நீலத்தைப் படத்தில் பார்த்த பிறகுதான், வெளுத்த துணியை ஒதுக்குகிற பழக்கம் என்னை விட்டுப் போனது.

அப்புறம், துணிகளைச் சேர்த்ததும் செல்போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அழுத்தமானது ஒன்று, வெளிறியது ஒன்று இன்னும் வேண்டும். நிறத்தை மட்டும் டியூப்லைட்டில் முடிவு செய்யாதீர்கள். புடவைக் கடையில் வாசலுக்கு எடுத்து வந்து பார்ப்போமே, அப்படிப் பாருங்கள். ஊதாவுக்கு அது ரொம்பவே அவசியம், மஞ்சள் பல்பின் கீழே அது மங்கிப் பழுப்படிக்கும். புதுத் துணியைத் தனியாக அலசி, சாயம் போகிறதா என்று பார்த்த பிறகே சேருங்கள்.

தைத்ததைப் பிரிக்க வேண்டாம். நூல் ஓட்டி முடித்ததை நடுவில் வெட்டினால் மறுபடி இணைப்பது சிரமம். புதுத் துண்டுகளை மேலே வைத்தே தைக்கலாம். வேண்டிய அளவைவிட நீளத்திலும் அகலத்திலும் அரை அங்குலம் கூட்டி வெட்டுங்கள். நான்கு ஓரத்தையும் கால் அங்குலம் உள்ளே மடித்து ஹெம்மிங் செய்யுங்கள். எல்லாக் கட்டத்தையும் மூட வேண்டாம். உங்கள் பாப்ளின் மூன்று நான்கு இடத்தில் அப்படியே இருக்கட்டும், மற்ற ஊதாக்கள் அதன் பக்கத்தில் நன்றாகப் பேசும்.

முடித்ததும் இன்னொரு படம் அனுப்புங்கள், பகலில் வாசலில் வைத்து எடுத்ததாக.

அன்புடன்,
அக்கா