தார் பெயர்ந்த தெருவில் ஷூட்டிங்: யார் மேல் வழக்குப் போடுவது?

கேள்வி: தமிழகத்தின் ஒரு மாநகராட்சிப் பகுதியில் வசிக்கிறேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெயரும் ஊரும் வேண்டாம். எங்கள் தெருவுக்கு 14 மாதங்களுக்கு முன் புதுத் தார் போட்டார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டதால் வாசல்கள் பள்ளமாகிவிட்டன. ஆறே மாதத்தில் ஜல்லி பெயர்ந்தது. கேட்டால், "இங்கே ஷூட்டிங் வண்டிகள் நிற்கின்றன, அதனால்தான்" என்கிறார் ஒப்பந்ததாரரின் ஆள். உண்மைதான், பழைய வீடுகள் இருப்பதால் மாதத்தில் நாலைந்து நாள் படப்பிடிப்பு நடக்கிறது. ஜெனரேட்டர் வேன் இரவெல்லாம் ஓடுகிறது, கேட்டை மறித்து கேரவன் நிற்கிறது. இந்நிலையில் சென்ற மாமன்றக் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள். ஒன்று, தெருப் பராமரிப்பு ஒப்பந்தம் மறுபடியும் அதே ஒப்பந்ததாரருக்கு (பட்டியலில் எங்கள் தெருவும் இருக்கிறது). இன்னொன்று, படப்பிடிப்புக் கட்டணத்தை உயர்த்தி, குடியிருப்புத் தெருக்களிலும் தொடர்ந்து அனுமதிப்பது. இரண்டையும் கோர்ட்டில் ரத்து செய்ய முடியுமா? எதிர் வீட்டுப் பையன் இதையெல்லாம் மொபைலில் எடுத்தபோது யூனிட் ஆள் ஒருவர் பிடுங்கி வீடியோவை அழித்துவிட்டார். அது சரியா?

பதில்: நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும் விஷயம்தான் உங்கள் கையிலிருக்கும் பெரிய ஆயுதம். அதற்கு வருகிறேன். முதலில் ரத்து செய்வதைப் பற்றி, சுருக்கமாக.

ஒப்பந்தத் தீர்மானத்தை ரத்து செய்வது கடினம். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் 11-ஆவது பிரிவின்கீழ் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அந்த உரிமை டெண்டரில் கலந்துகொண்டவருக்கு மட்டும், அதுவும் உத்தரவு கிடைத்த 10 நாட்களுக்குள். தெருவாசிக்கு அதில் இடமில்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட் (அரசு அமைப்பின் முடிவை எதிர்க்கும் மனு) போடலாம். ஆனால் டெண்டர் விவகாரங்களில் நீதிமன்றம் பார்ப்பது முடிவு எடுக்கப்பட்ட விதத்தை: உள்நோக்கம் இருந்ததா, விதியை மீறினார்களா, பொதுநலன் கெட்டதா என்று. 1994-இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு அது. "இந்த ஆள் வேலை சரியில்லை, இவருக்கே மறுபடி கொடுத்துவிட்டார்கள்" என்ற கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், "மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்கவும்" என்ற ஒற்றை வரி உத்தரவோடு திரும்பி வருவீர்கள். அந்தப் பரிசீலனையைச் செய்யப்போவதும் அதே பொறியாளர்தான். என் அலமாரியில் இப்படிப்பட்ட உத்தரவுகள் ஒரு கட்டு இருக்கின்றன.

இப்போது அடைப்புக்குறிக்கு வருவோம்: புது ஒப்பந்தப் பட்டியலிலும் உங்கள் தெரு இருக்கிறது. சாலைப் பணி ஒப்பந்தங்களில் "குறைபாடு பொறுப்புக் காலம்" என்று ஒரு ஷரத்து இருக்கும். வேலை முடிந்த தேதியிலிருந்து இத்தனை மாதம் அல்லது வருடத்துக்குள் சாலை பெயர்ந்தால், ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஈடாக அவருடைய வைப்புத்தொகை மாநகராட்சியிடம் இருக்கும். எத்தனை காலம் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். உங்கள் தெருவுக்கு அந்தக் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் என்ன பொருள்? அவர் இலவசமாகச் செய்து தர வேண்டிய வேலைக்கு, புதுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் பேரில் மறுபடி பணம் கொடுக்கப் பார்க்கிறார்கள் என்று பொருள். ஒரே தெருவுக்கு இரண்டு முறை செலவு. இதுதான் தணிக்கையில் சிக்கும், ரிட்டிலும் நிற்கும். அதே ஒப்பந்ததாரர் என்பது, தன் குறையை மறைத்துக்கொள்ளத் தனக்கே சம்பளம் வாங்குகிறார் என்ற அளவுக்குப் போகும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது மூன்று தேதிகள்: முந்தைய வேலை முடிந்த தேதி, பொறுப்புக் காலம் முடியும் தேதி, புதுப் பணி ஆணையின் தேதி. தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். முந்தைய வேலையின் மதிப்பீடு, பணி ஆணை, ஒப்பந்த ஷரத்துகள், எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், வைப்புத்தொகை திருப்பித் தரப்பட்டதா என்ற விவரம், இரண்டு மாமன்றத் தீர்மானங்களின் நகல், புது ஒப்பந்தத்தில் உள்ள தெருக்களின் பட்டியல். இவற்றைக் கேளுங்கள். "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேள்வி கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். ஏன் என்ற கேள்விக்கு "தகவல் இல்லை" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள்.

எம்-புக்கில் ஒன்றைக் கவனியுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுப்பதற்கு, அதாவது மில்லிங்குக்கு, பில் போடப்பட்டிருக்கிறதா? சுரண்டாமல் சாலை போட்டு வீடுகளைப் பள்ளமாக்கக் கூடாது என்று 2021 மே மாதத்திலேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தல் அனுப்பியிருந்தார். மதிப்பீட்டில் மில்லிங் இல்லையென்றால் அந்த அறிவுறுத்தல் என்ன ஆனது என்று கேட்கலாம். மில்லிங்குக்குப் பணம் கொடுத்ததாக இருந்தால், உங்கள் பள்ளமான வாசலே சாட்சி.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 2(j) பிரிவு காகித நகலோடு நிற்பதில்லை. வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைக் கேட்டு வாங்கவும் உரிமை தருகிறது. பெயர்ந்த தாரில் ஒரு துண்டை அலுவலர் முன்னிலையில் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். பெரும்பாலும் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததும் ரோலர் வந்துவிடும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு; அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். விண்ணப்பத்தை உங்கள் சொந்தப் பெயரில் போடுங்கள். தகவல் கேட்கும் உரிமை குடிமகனுக்குத்தான் என்பதால், நலச்சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் போனால் அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஷூட்டிங் வண்டிகள்தான் சாலையைக் கெடுத்தன என்ற வாதத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் பாதி உண்மை. டீசல் சொட்டினால் தார் இளகும். எந்த மெக்கானிக் கடை வாசலையும் பார்த்தால் தெரியும். ஜெனரேட்டர் வேன் நின்ற இடத்தில் மட்டும் பெயர்ந்திருந்தால் ஒப்பந்ததாரர் தப்பிக்கலாம். தெரு முழுக்கப் பெயர்ந்திருந்தால் முடியாது. ஆகவே வண்டிகள் நிற்காத பகுதியையும் சேர்த்துப் படம் எடுத்து, வீட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். குடிநீர்க் குழாய்க்கும் மின்கேபிளுக்கும் வெட்டிய இடங்களைத் தனியாகக் காட்டுங்கள். அவர்களுடைய அடுத்த சாக்கு அதுவாகத்தான் இருக்கும். வண்டிகளால் சேதம் என்றே வைத்துக்கொண்டாலும், வாடகை வாங்கிக்கொண்டு அனுமதி கொடுத்தது மாநகராட்சி. படப்பிடிப்புக்காரர்களிடம் முன்பணம் வாங்கினார்களா, சேதத்துக்கு அதில் பிடித்தார்களா என்று காட்ட வேண்டியதும் அவர்களே. ஒப்பந்ததாரர் யூனிட்டைக் காட்டட்டும், யூனிட் ரசீதைக் காட்டட்டும். தெருவை நல்ல நிலையில் வைக்கும் கடமை உள்ளாட்சியுடையது. நிதி இல்லை என்ற சாக்குக்கூட அதற்குச் செல்லாது என்று 1980-இல் ரத்லம் நகராட்சி வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதினார். அதுவும் ஒரு தெருவாசிகள் தொடுத்த வழக்குதான்.

அடுத்து, படப்பிடிப்பு. 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தில் ஏதாவது இருக்குமா என்று பலர் தேடுகிறார்கள். அது தணிக்கைச் சான்றிதழ் பற்றியது. தெருவில் கேமரா வைப்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. தெருவில் படமெடுப்பது முழுக்க முழுக்க அனுமதி உத்தரவில் ஓடுவது. இடத்துக்கு மாநகராட்சி, போக்குவரத்துக்குக் காவல்துறை. ஆக, அந்த உத்தரவில் எழுதிய நிபந்தனைகள்தான் சட்டம்: எத்தனை மணி முதல், எத்தனை வண்டி, எங்கே நிறுத்துவது. கடந்த ஓராண்டில் உங்கள் தெருவுக்குக் கொடுத்த எல்லா அனுமதிகளின் நகலையும், கட்டண ரசீதுகளையும் கேளுங்கள். மாதம் ஐந்து நாள் ஷூட்டிங் நடந்த தெருவுக்கு ஆண்டு முழுக்க மூன்று ரசீதுதான் இருக்கிறது என்று தெரிந்தால், கட்டண உயர்வுத் தீர்மானத்தைப் பற்றிக் கவுன்சிலரிடம் பேச உங்களுக்கு வேறு விஷயம் கிடைத்துவிடும்.

கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் மாமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது, அதை உடைக்கும் முயற்சி வீண். ஆனால் எவ்வளவு கட்டணம் வாங்கினாலும், உங்கள் வீட்டு வாசலை மறிக்கும் உரிமையை மாநகராட்சியால் விற்க முடியாது. தெரு அவர்கள் வசம் இருப்பது பொதுமக்கள் போய்வருவதற்காக. வாசலிலிருந்து தெருவில் இறங்குவது உங்கள் தனி உரிமை. பொதுவழியில் தடை ஏற்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 285-ஆவது பிரிவின்கீழ் குற்றம். அபராதம் 5,000 ரூபாய் வரை. கேரவன் வாடகைக்கு முன் அது எம்மாத்திரம் என்பீர்கள். சரிதான். ஆனால் 112-க்கு அழைத்துப் புகார் பதிவானால், அடுத்த அனுமதிக்கு வரும்போது அந்த நிறுவனத்தின் கோப்பில் அது இருக்கும். புரொடக்‌ஷன் மேனேஜர்கள் பயப்படுவது அபராதத்துக்கு அல்ல, அன்றைய நாள் நின்றுபோவதற்கு.

சத்தத்துக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். வீட்டுக்கு எதிரே ஓடும் பெரிய ஜெனரேட்டர் 45-க்குள் அடங்குவது அரிது. மொபைல் செயலியில் அளந்ததைச் சாட்சியமாக ஏற்கமாட்டார்கள். இருந்தாலும் புகாரோடு இணையுங்கள், அலுவலர் கருவியோடு வர அது காரணமாகும்.

மாதாமாதம் இது தொடர்வதால், கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 152-ஆவது பிரிவின்கீழ் பொதுத்தொல்லை மனு கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133 இதுதான். ஒருநாள் ஷூட்டிங்குக்கு இது பயன்படாது, விசாரணை வருவதற்குள் யூனிட் ஊருக்குப் போயிருக்கும். திரும்பத் திரும்ப நடக்கும் தொல்லைக்குத்தான் இது. உங்கள் வீட்டு முகப்பைப் படத்தில் காட்டியதற்காக நஷ்டஈடு கேட்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தெருவிலிருந்து தெரிவதை எடுப்பதைத் தடுப்பது கஷ்டம். வேலி தாண்டி உள்ளே வந்தால், ஜன்னல் வழியாக வீட்டுக்குள் எடுத்தால் கதை வேறு.

எதிர் வீட்டுப் பையன் விஷயத்தில் யூனிட் ஆளுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. தன் தெருவில் நின்று, மறிக்கப்பட்ட கேட்டையும் வண்டி எண்ணையும் எடுப்பதைத் தடுக்கும் உரிமை படப்பிடிப்பு அனுமதியோடு வருவதில்லை. பலவந்தமாகப் பிடுங்கியது குற்றம். காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்துப் புகார் ரசீது வாங்கச் சொல்லுங்கள். அழித்த வீடியோ மொபைலில் "சமீபத்தில் நீக்கியவை" பகுதியில் இன்னும் இருக்கக்கூடும், உடனே பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் நடிகர் நடிக்கும் காட்சியை எடுத்து இணையத்தில் போடவேண்டாம். அப்போது வழக்கு அவன்மேல் திரும்பும். எடுத்ததை நீதிமன்றத்தில் காட்ட வேண்டிவந்தால் பாரதிய சாக்‌ஷிய அதினியம் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் (மின்னணுச் சாட்சியத்துக்கானது) வேண்டும், அதனால் அந்த மொபைலை விற்கவோ மாற்றவோ வேண்டாம்.

ஜல்லியில் வண்டி சறுக்கி யாருக்காவது ஊனம் ஏற்பட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198ஏ பிரிவு ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பான அமைப்புக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. அப்படி ஒன்றும் நடக்காமலிருக்கட்டும்.

ஆவணங்கள் கைக்கு வந்ததும், இரட்டைச் செலவு உறுதியானால், முதலில் ஆணையருக்குப் பதிவுத் தபாலில் ஒரு மனு அனுப்புங்கள்: பொறுப்புக் காலம் முடியும் தேதியைக் குறிப்பிட்டு, பழைய ஒப்பந்தத்தின் கீழேயே சரிசெய்ய வைக்கவும், புதுப் பட்டியலிலிருந்து தெருவை நீக்கவும் கேட்டு. நகலை உள்ளாட்சி நிதித் தணிக்கைக்கு அனுப்புங்கள். அசையவில்லை என்றால் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவத்தில் (ஆம்புட்ஸ்மேன்) புகார் செய்யலாம், வக்கீல் தேவையில்லை. ரிட் கடைசி. மனுவில் 1919, 1920-ஆம் ஆண்டு மாநகராட்சி, நகராட்சிச் சட்டங்களின் பிரிவு எண்களை எங்கிருந்தாவது எடுத்துப் போட்டுவிடாதீர்கள். 2023 ஏப்ரல் 13 முதல் நடப்பில் இருப்பது தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998. பழைய எண்ணைப் பார்த்ததும் அதை வைத்தே உங்கள் மனுவைத் தள்ள ஒருவர் காத்திருப்பார்.

பொறுப்புக் காலம் எப்போது முடிகிறது என்பது இன்னும் நமக்குத் தெரியாது. பதினான்கு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. ஆகவே தகவல் விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள், அம்மா.