வாசகர் கேள்வி: டப்பாவில் ‘டால்பி’, சுருளில் என்ன?

கேள்வி: என் பெரியப்பா பினாங்கில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர். அவர் விட்டுச் சென்ற 35 மி.மீ. தமிழ்ப் படம் ஒன்றின் 14 ரீல்கள் எங்களிடம் உள்ளன. எல்லா டப்பாக்களிலும் ‘டால்பி’ (இரைச்சலைக் குறைக்கும் ஒலிமுறை) என்று எழுதியிருக்கிறது. நண்பரின் புரொஜெக்டரில் ‘டால்பி ஏ’ நிலையில் ஓட்டியபோது முதல் இரண்டு ரீல்களும் நன்றாக ஒலித்தன. மூன்றாவது ரீலில் வசனம் மங்கி, மெல்லிய ஒலிகள் அமுங்கிப்போயின. பிரிண்ட் கெட்டுவிட்டதா, ஐயா?
– ஒரு வாசகர், ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: கெட்டுவிட்டது என்று அதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த ஒரு ரீல் மட்டும் மோனோ, அதாவது இடம், வலம் என்று பிரியாத ஒற்றை ஒலி கொண்ட வேறொரு பிரிண்டிலிருந்து வந்து சேர்ந்திருக்கக்கூடும். ஊர் ஊராக ஓடிய பிரிண்டுகளில், கிழிந்த ரீலுக்குப் பதிலாக இன்னொரு பிரிண்டின் ரீலைச் சேர்ப்பதும், டப்பாக்களும், ரீலின் முனையில் ஒட்டியிருக்கும் ‘லீடர்’ என்ற பெயர்ச்சுருள்களும் மாறிப்போவதும் வழக்கமாக நடந்தவைதாம். மற்ற ரீல்களில் மலாய் வசன வரிகள் இருந்து மூன்றாவதில் மட்டும் இல்லாவிட்டால், அதுவே ஒரு நல்ல தடயம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கோலாலம்பூரில் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திரையிடலில், டப்பாவின் எழுத்தை நம்பி முழுப் படத்தையும் ஒரே நிலையில் ஓட்டினேன். ஐந்தாவது ரீலில் ஒரு தாய் மகனிடம் தாழ்ந்த குரலில் பேசும் காட்சி வந்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, “தம்பி, அந்த அம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டார். படம் முடிந்த பிறகு அந்த ரீலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் அது மோனோ என்று தெரிந்தது. அன்று முதல் ஒவ்வொரு ரீலின் ஒலித்தடத்தையும் கண்ணால் பார்க்காமல் ஓட்டுவதில்லை.

பார்ப்பதற்குப் பருத்திக் கையுறையும், விளக்கின் முன் ஒரு வெள்ளைத் தாளும், பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியும் போதும். ஒரு பக்க ஓரத்தில், துளைகளுக்கும் படத்துக்கும் நடுவே, சுமார் இரண்டரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒலித்தடம் ஓடும். அது ஏணிப்படிகள்போலக் குறுக்கே அடுக்கிய சாம்பல் கோடுகளாக இருந்தால் பழைய அடர்த்தி முறை, அது மோனோதான். தெளிந்த, அலை அலையான விளிம்புடைய கோடுகளாக இருந்தால், அவை எத்தனை என்று பாருங்கள். ஒரே கோடாகவோ, இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவோ ரீல் முழுவதும் ஓடினால் மோனோ. இரண்டும் வேறுபட்டால் ஸ்டீரியோ, அதாவது பிரித்துப் பதிந்த ஒலி.

இங்கே பலரும் தவறுவது பார்க்கும் இடத்தில்தான். ஸ்டீரியோப் படத்திலும் வசனம் பெரும்பாலும் நடு ஒலிபெருக்கிக்கே போவதால், அந்தப் பகுதியில் இரண்டு கோடுகளும் ஒன்றுபோலவே தெரியும். அதைப் பார்த்துவிட்டு மோனோ என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே பாட்டு வரும் இடத்தைப் பாருங்கள். நம் படங்களில் அதற்குப் பஞ்சமில்லை. வயலின்களும் தாள வாத்தியங்களும் இரு பக்கமும் பிரிந்து ஒலிக்கும் இடத்தில் கோடுகள் தனித்தனியே நெளிவது பளிச்சென்று தெரியும். ஒரு படச்சட்டத்துக்கு உரிய ஒலி அதன் அருகிலேயே இருப்பதில்லை. சுமார் 20 சட்டங்கள், அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் அடி, முன்னால் பதிந்திருக்கும். எனவே பாட்டின் தொடக்கத்தையும் முடிவையும் விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பாருங்கள்.

ஸ்டீரியோ என்று தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். 1970களின் நடுவில் திரைக்கு வந்த டால்பி ஏ முறையா, 1986இல் வெளிவந்த எஸ்.ஆர். முறையா என்பதைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. லீடரில் உள்ள எழுத்து ஒரு துப்பு மட்டுமே; தீர்ப்பு காதினுடையது. இரண்டு முறைகளிலும் மெல்லிய ஒலியை உயர்த்திப் பதிந்து, ஓட்டும்போது அதே அளவுக்குத் தாழ்த்துவதன் மூலம் இரைச்சலை அடக்குகிறார்கள். அப்படி உயர்த்தப்படாத மோனோ ஒலியையும் கருவி தாழ்த்திவிடுவதால்தான் உங்கள் மூன்றாவது ரீலில் மெல்லிய ஒலிகள் அமுங்கின. பாட்டு ஓய்ந்து மெதுவான பேச்சு தொடங்கும் இடத்தைத் தேர்ந்து, நிலைகளை மாற்றி மாற்றிக் கேளுங்கள். சரியான நிலையில் பின்னணி இரைச்சல் பேச்சோடு சேர்ந்து ஏறி இறங்காமல் சீராக இருக்கும். பல டால்பி கருவிகளில் 01 மோனோ, 04 ஏ, 05 எஸ்.ஆர். பொத்தானைத் தவறாக அழுத்துவதால் சுருளுக்கு எந்தக் கேடும் வராது.

கேடு வருவது வேறிடத்தில். ஓரங்களில் துருநிறப் பட்டைகள் தெரிந்தால் அது காந்த ஒலிப் பிரிண்ட். 1953இல் சினிமாஸ்கோப்போடு வந்த முறை. அவற்றில் பலவற்றின் துளைகள் வழக்கத்தைவிடக் குறுகலானவை. சாதாரணப் பற்சக்கரத்தில் ஏற்றினால் துளைகள் கிழிந்துவிடும். தயவுசெய்து ஏற்ற வேண்டாம்.

கேள்வி: என்னிடம் உள்ள ஒரு பிரிண்டில் துளைகளுக்கு இடையே புள்ளிக் கட்டங்கள் உள்ளன. ஒலித்தடம் நீலப்பச்சையாக இருக்கிறது. டிஜிட்டல் கருவி இல்லாமல் ஓட்டலாமா?
– ஒரு வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஓட்டலாம். நீங்கள் சொல்லும் கட்டங்கள் 1992இல் வந்த டால்பி டிஜிட்டல். அத்தகைய பிரிண்டுகளில், டிஜிட்டல் தடுமாறினால் கைகொடுப்பதற்காக, வழக்கமான ஒலித்தடமும் இருக்கும், முதலில் எஸ்.ஆர். நிலையில் கேட்டுப் பாருங்கள். தடத்துக்கும் படத்துக்கும் நடுவே மெல்லிய புள்ளிக்கோடு தெரிந்தால் அது டி.டி.எஸ். என்ற இன்னொரு டிஜிட்டல் ஒலி முறைக்கான நேரக்குறி; அதன் ஒலி தனி வட்டில் இருப்பதால் வட்டு இல்லாமல் அதனால் பயனில்லை. நீலப்பச்சை நிறம் வெள்ளியில்லாத சாயத் தடத்தின் அடையாளம். பழைய மஞ்சள் விளக்கில் அதன் ஒலி மெலிந்து இரைச்சலோடு வரும். உங்கள் புரொஜெக்டரில் அந்த விளக்குதான் இருக்கிறது என்றால், சிவப்பு ஒளியால் படிக்கும் ஒலித்தலை பொருத்திய புரொஜெக்டர் கிடைக்கும்வரை காத்திருங்கள்.